எட்டு விளக்கும் எரிந்தது

2024 தீபாவளி கழிந்து இரண்டு நாள் இருக்கும். நம் சங்க உறுப்பினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அஜ்னியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். ஊர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம். நாக்பூருக்கு வந்து டிபன் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கையில் இனிப்புப் பொட்டலம். "அண்ணாச்சி, பையன் சி.சி.என்.ஏ. பாஸ் பண்ணிட்டான்" என்றார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நானும் பேனா ஒன்று பரிசாகக் கொடுத்து அனுப்பினேன்.

2025 மார்ச்சில் அவர் தனியாக வந்தார். பொட்டலம் இல்லை. "வேலை போயிட்டு அண்ணாச்சி. மூணு மாசம்கூட முழுசா ஆகலை. நீங்கதான் அவன்கிட்ட என்ன ஏதுன்னு கேக்கணும்."

அந்த ஒரு பையனைப் பற்றி மட்டும் எழுத நான் உட்காரவில்லை. நம் குடும்பங்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகளாவது இப்போது இந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. பையனிடமும் அவன் தந்தையிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஐம்பது கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று பேசவும் வெளியுலகத்தோடு பேசவும் கேபிள், சுவிட்ச், ரௌட்டர் என்று ஒரு ஏற்பாடு வேண்டும். இதைத்தான் நெட்வொர்க் என்கிறோம். ரௌட்டர் தயாரிக்கும் சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1998 முதல் நடத்தி வரும் தேர்வு சி.சி.என்.ஏ. எழுதுவதற்குப் பட்டம் தேவையில்லை. இரண்டு மணி நேரத் தேர்வு. கட்டணம் 300 டாலர். நம் கணக்கில் 25,000 ரூபாய்க்கு மேல், வரி வேறு. பாஸ் செய்தால் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தோற்றால் பணம் போனதுதான். மறுபடி முழுக் கட்டணம்.

டிபன் கடைக்காரர் அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருக்கிறார்.

பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். தலை நிமிரவில்லை. மெள்ள மெள்ளத்தான் விஷயம் வெளியே வந்தது. அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டிசம்பரில் சேர்ந்திருக்கிறான். பிப்ரவரியில் ஓரிடத்துக்குத் தனியாக அனுப்பினார்கள். மாடியில் எல்லாம் சரி, கீழே கணக்குப் பிரிவில் மட்டும் கம்ப்யூட்டர்கள் ஊர்கின்றன என்பது புகார். இவன் போய்க் கேபிள் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டிப் பார்த்தான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், டெஸ்டரில் எட்டு விளக்குகள். எட்டும் வரிசையாக எரிந்தன. 'கேபிள் நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டான். அப்புறம் சுவிட்சை மாற்றினான். சரியாகவில்லை. ரௌட்டரில் கை வைத்தான். மாடியும் சேர்ந்து நின்றது. அரை நாள் யாருக்கும் வேலை ஓடவில்லை. மறுநாள் கம்பெனியின் பழைய ஆள் வந்து, கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். பத்து நிமிஷ வேலை.

"அதுல என்ன தப்பு இருந்துச்சுன்னு கேட்டியா?"

"கலர் மாறிப் போச்சுன்னு சொன்னாங்க மாமா. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே மாறியிருந்துச்சு? டெஸ்டர் ஓகேன்னுதானே காட்டுச்சு?"

நியாயமான கேள்விதான். எனக்கு உடனே 1983-ஆம் வருடம் ஞாபகம் வந்துவிட்டது.

1982-இல் பம்பாய் ரயில்வே சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி டெலிகாம் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவன் நான். சிக்கந்தராபாத்தில் உள்ள இரிசெட் பயிற்சி நிலையத்தில் நல்ல மார்க். ஊரில் டிப்ளமாவிலும் முதல் வகுப்பு. கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்! அந்தச் சமயம் ரயில் பாதைகளை மின்மயமாக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வந்துவிட்டால், பக்கத்தில் கம்பம் நட்டு இழுத்த பழைய டெலிபோன் கம்பிகளில் அதன் தூண்டல் ஏறி இரைச்சலும் ஆபத்தும் வந்துவிடும். ஆகையால் எல்லாவற்றையும் பூமிக்கடியில் கேபிளாகப் பதித்தார்கள். அந்தக் கேபிளில் நான்கு நான்கு கம்பிகளாகச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். 'குவாட்' என்போம். நான்கையும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிர் எதிர் மூலையில் இருக்கும் இரண்டு கம்பிதான் ஒரு ஜோடி. அடுத்தடுத்த மூலையில் இருப்பவற்றை ஜோடி சேர்க்கக் கூடாது.

நான் முன்னின்று போட வைத்த ஒரு ஜாயின்டில் சேர்த்துவிட்டேன். அவசரம்; பொழுதும் சாய்ந்துவிட்டது. இரண்டு முனையிலிருந்தும் தொடர்ச்சி பார்த்தேன், சரி. மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்தேன், அருமை. ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டாயிற்று. மறுநாள் காலை கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து திட்டு. ஒரு லைனில் பேசுவது இன்னொரு லைனில் கேட்கிறது! இரண்டு நாள் நான் படித்ததையெல்லாம் புரட்டினேன். 'கிராஸ் டாக்' என்றால் என்ன என்று இரிசெட் தேர்வில் ஒரு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியவன். அது கண் முன்னால் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் எங்கள் கேபிள் ஜாயின்டர். வர்தா பக்கத்து மராட்டியர், ஏழாம் வகுப்பு. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஜாயின்ட் ஜாயின்டாக நடந்தார். ஓரிடத்தில் நின்று, தோண்டச் சொல்லி, கம்பிகளைப் பிரித்துக் காட்டினார். "சாகேப், மெக்கருக்குக் காது கிடையாது" என்றார் ஹிந்தியில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு என் வேலை போகவில்லை. புதுப் பையன் என்று மேலதிகாரி ஒரு முறை மன்னித்தார்.

கம்ப்யூட்டர் கேபிளில் பையன் பார்த்ததும் இதே குற்றந்தான், நாற்பது வருடம் கழித்து. அதிலும் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். ஆரஞ்சு ஒரு ஜோடி, பச்சை ஒரு ஜோடி, நீலம், பழுப்பு. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளும் முறுக்கிக்கொண்டு ஓடுவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். பிளக்கில் 1, 2 ஒரு ஜோடி. 3-க்கு ஜோடி 4 அல்ல, 6. நடுவில் 4, 5 ஒரு ஜோடி. கடைசியில் 7, 8. அதனால்தான் பச்சை ஜோடியைப் பிரித்து, நீலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைக்கிறார்கள். விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அழகாக ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார். இரண்டு முனையிலும் அப்படியே அடுக்கினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3-உம் 6-உம் வேறு வேறு முறுக்கில் போய்விட்டன. இரைச்சல் கழியாது. செய்தி பழுதாகிப் பழுதாகித் திரும்ப அனுப்பப்படும். கம்ப்யூட்டர் ஊரும்.

சொல்லிக் கொண்டிருந்தால் போதாது என்று, பரணிலிருந்து கேபிள் சுருளையும் கிரிம்பிங் கருவியையும் இறக்கினேன். முப்பது மீட்டர் அளந்து, தப்பு முறையிலேயே அவனைப் பிளக் போடச் சொன்னேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, சான்றிதழ் வாங்கிய அந்தப் பையன் அதுவரை ஒரு பிளக்கைக்கூடக் கையால் போட்டதில்லை. முதல் மூன்று பிளக் வீண். நான்காவது அமைந்தது. டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. என்னிடம் உள்ள பழைய சிஸ்கோ சுவிட்சில் மாட்டி ஒரு பெரிய ஃபைலை அனுப்பினோம். சுவிட்சில் 'சி.ஆர்.சி.' என்று ஒரு கணக்கு உண்டு. பழுதாகி வந்த செய்திகளின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனது. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, சி.ஆர்.சி. பத்தி ரெண்டு கேள்வி வரும். ஒண்ணுக்கு விடை 'சி', ஒண்ணுக்கு 'ஏ'."

நான் பதில் சொல்லவில்லை. பிளக்கை வெட்டி, சரியான வரிசையில் போட்டோம். எண்ணிக்கை நின்றுவிட்டது.

அவன் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பயிற்சி மையம். பெயர் வேண்டாம், இந்த மாதிரி மையங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். இரண்டு ரௌட்டர், அதுவும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். முதல் மாதம் பாடம். இரண்டாவது மாதத்தில் ஆசிரியரே ஒரு பி.டி.எஃப். கொடுத்துவிடுகிறார். தேர்வு எழுதி வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து கக்கிய கேள்விகளும் விடைகளும். 'டம்ப்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான். அதை இரவும் பகலும் உருப்போட வேண்டியது. இங்கே பையன்கள் 'ரட்டா' என்கிறார்கள். இது தேர்வு விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் தேர்வை ரத்து செய்து, மறுபடி எழுத முடியாதபடி தடை போடவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. தேர்வுக்கு உட்காரும்போது பிள்ளைகள் 'சம்மதம்' என்று அழுத்துகிற ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. யார் படிக்கிறார்கள்!

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட்டவன் யார்? நெட்வொர்க் முகவரிகளைப் பங்கு போட 128, 192, 224, 240 என்ற வரிசை தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். 192 என்றால் 64 முகவரிகள், அதில் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கக்கூடியவை 62 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இந்தப் பையனுக்கு அது வந்தது. என்னைவிட வேகமாகச் சொன்னான். ஆனால் நான் ஒரு காகிதத்தில் நான்கு அறை போட்டு, "இந்த ஆபீசுக்குப் பங்கு பிரிச்சுக் குடு" என்றபோது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவனை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்கு விதிப் புத்தகம் முழுக்கத் தெரிந்திருக்கலாம், எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்திருக்கலாம். புதிய செக்ஷனில் தனியாக வண்டியை ஓட்ட விடமாட்டார்கள். அந்தப் பாதையில் தெரிந்த டிரைவரோடு இன்ஜினில் போய்வர வேண்டும். பொதுவாக மூன்று தடவை, அதில் ஒன்றாவது இரவில். 'எல்.ஆர்.' என்பார்கள், லேர்னிங் ரோடு. சிக்னல் எந்த வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் பதிந்த பிறகு, 'இந்தப் பாதை எனக்குத் தெரியும்' என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு அப்புறந்தான் தனி வண்டி.

சிஸ்கோவுக்கும் இது தெரியாதது அல்ல. அவர்களுடைய உயர்ந்த பரீட்சையான சி.சி.ஐ.இ.-யில் எட்டு மணி நேரம் செய்முறைத் தேர்வே இருக்கிறது. அடி நிலைத் தேர்வில்தான் இந்தக் குறுக்கு வழி செல்லுபடியாகிறது. அந்த அடி நிலையில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இனி பையன் சொன்ன பதிலையும் எழுதாவிட்டால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும். "மாமா, சான்றிதழ் இல்லாம இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க. முதல்ல உள்ள போகணும். அப்புறம் கத்துக்கலாம்னு நெனச்சேன்." இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நமக்கு இந்த ஊரில் மாமன் மச்சான் அதிகாரியாக உட்கார்ந்திருக்கவில்லை. சிபாரிசுக்கு ஆள் கிடையாது. மராட்டி சரளமாக வராத பையனுக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் சிபாரிசு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நானும் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தில் ஹெட்போனோடு ஒரு மராட்டியர் இருந்தார். இவனைத் தனியாக அனுப்பிய கம்பெனியிடம் அந்தப் பொறுமையும் இல்லை, அந்த ஆளும் இல்லை. குற்றம் முழுவதையும் இருபத்திரண்டு வயதுப் பையன் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் இன்னொரு விதமும் உண்டு என்பதற்குச் சாட்சி நாம் எல்லாரும். 2024 பொங்கல் விழா நினைவிருக்கிறதல்லவா? கோலப் போட்டி முடிந்து பட்டிமன்றம் தொடங்கியதும் நேரலை நின்றுபோனது. ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தா பாட்டிகள் போன் மேல் போன். நம் தொண்டர் ஒருவர், தரையில் கிடந்த கேபிள் முனையை 'கழன்றுவிட்டது போலிருக்கிறது' என்று நல்லெண்ணத்தோடு சுவிட்சில் செருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது! உள்ளே நுழைந்த செய்தி வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. இதைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இலேயே வகுத்துவிட்டார். நல்ல சுவிட்சுகளில் அது இருக்கிறது. நாம் வாங்கியது மலிவுச் சரக்கு.

நானும் இன்னும் இரண்டு பேரும் போனை எடுத்துக்கொண்டு இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ரயில்வே காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பாலிடெக்னிக் மாணவி, சுவிட்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தாற்போல் மின்னுகின்றன என்றாள். ஒரு கேபிளை உருவினாள். நேரலை வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்ல வேணும்னே இப்படிச் செருகிப் பாத்திருக்கேன் அங்கிள். அப்பாகிட்ட திட்டு வாங்கினேன்." அந்தப் பெண் அதே வருடம் சி.சி.என்.ஏ. எழுதி முதல் தடவை தோற்றுவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் போனதில் வீட்டில் பெரிய வருத்தம். இரண்டாம் தடவைதான் பாஸ். டம்ப் படித்திருந்தால் முதல் தடவையே ஆகியிருக்கும்.

வீட்டில் பழகுவதற்கு வழி இல்லாமல் இல்லை. சிஸ்கோவே 'பாக்கெட் டிரேசர்' என்று ஒரு புரோகிராமை இலவசமாகக் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் திரையிலேயே ரௌட்டர், சுவிட்ச் எல்லாம் இணைத்துப் பழகலாம். கேபிளில் ஓடும் செய்திகளைப் பிரித்துக் காட்டும் 'வயர்ஷார்க்' இன்னொன்று, அதுவும் இலவசம். இரண்டும் நல்லவை. ஆனால் பாக்கெட் டிரேசரில் எலி கேபிளைக் கடிப்பதில்லை. பிளக் கோணலாக மாட்டுவதில்லை, தூசு அடைவதில்லை, யாரும் தரையில் கிடப்பதை எடுத்துச் செருகுவதுமில்லை. கைக்குக் கருவி வேண்டும். தப்பு செய்து பார்க்க இடம் வேண்டும். திட்டாத ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

நம் சங்கம் வருடா வருடம் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அதிக மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறது. கொடுக்கட்டும். அந்தத் தொகையில் பாதியை ஒரு வருடம் மட்டும் வேறு விதமாகச் செலவு செய்யலாம் என்பது என் யோசனை. அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பழைய ரௌட்டர் இரண்டு, சுவிட்ச் இரண்டு, ஒரு பெட்டி கேபிள், கிரிம்பிங் கருவி நான்கு. அவ்வளவுதான். சீதாபர்டி கடைகளில் விசாரித்தேன், நமக்குக் கட்டுப்படியாகக்கூடிய விலைதான். என் சுவிட்சையும் டெஸ்டரையும் இலவசமாகத் தந்துவிடுகிறேன். சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு இதை வாய் வார்த்தையாகச் சொன்னபோது, "சங்கம் தமிழ் வளர்க்கவா, ஒயர் இழுக்கவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருடைய பேரனும் அடுத்த வருடம் இந்தப் பரீட்சைக்குத்தான் பணம் கட்டப் போகிறான் என்பது அவருக்குத் தெரியும்.

டிபன் கடைக்காரர் மகன் இப்போது ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வருகிறான். இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு இன்டர்வியூ போய்வந்தான். ஒன்றில் பிளக் போடச் சொன்னார்களாம், போட்டானாம். பாலிடெக்னிக் பெண்ணும் அவள் தோழிகள் இருவரும் வருகிறார்கள். என் ஹாலில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. வீட்டில் அம்மாளுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

சங்கக் கட்டடத்தில் மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. உடைந்த நாற்காலிகளும், 2019 ஆண்டு விழாவின் தோரண வளைவும் கிடக்கின்றன. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் தெரிவித்தால், வரும் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளோடு வந்து அறையை ஒழித்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.